உப்புப் பூத்த நீலம்

விஷயம் என் அப்பாவின் சமாதியில் தொடங்குகிறது. எகிப்துக்குப் பிறகு போகலாம்.

ஜவ்வாது மலையில், ஜமுனாமரத்தூரிலிருந்து மண்பாதையில் இறங்கி ஏறிப் போகவேண்டிய ஒரு சிற்றூரில், சாமைக் கொல்லையின் ஓரமாக அப்பாவைப் புதைத்திருக்கிறோம். எங்கள் வீட்டில் புதைப்பதுதான் வழக்கம். மண்ணைக் கூட்டிச் சுற்றிலும் கல் வைத்துவிட்டு வருவோம். இரண்டு மழைக்காலத்தில் மண் இறங்கிவிடும். கல் மட்டும் நிற்கும். தாத்தாவுக்கு அப்படித்தான். அப்பா போய் ஓராண்டு கழித்து நான் ஊருக்குப் போனபோது அந்த இடத்தில் முழங்கால் உயரத்துக்கு ஒரு மேடை எழும்பியிருந்தது. நாலு பக்கமும், மேலேயும், நீல டைல்ஸ். பக்கவாட்டில் வெள்ளைக் கோடுகள் அலையலையாக ஓடின. மேலே பாய்ப் பின்னல் மாதிரி ஒரு வடிவம். வெயிலில் கண் கூசியது.

தம்பியின் வேலை அது. பதினைந்து வருஷமாகப் பெங்களூரில் டைல்ஸ் ஒட்டுகிறவன். வேலை முடிந்த வீடுகளில் மிஞ்சிய துண்டுகளைக் கேட்டு வாங்கி, சாக்கில் கட்டி, மூன்று பஸ் மாறி மலைக்குக் கொண்டுவந்து, பத்து நாள் கூலியை விட்டுவிட்டு ஒட்டியிருக்கிறான். பக்கத்தில் நின்று என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"என்னடா இது, பாத்ரூம் மாதிரி இருக்கு?" என்றேன்.

அவன் பதில் சொல்லவில்லை. தோளில் கிடந்த துண்டை எடுத்து, பறவை எச்சம் விழுந்திருந்த ஓர் ஓரத்தைத் துடைத்தான்.

அந்த வார்த்தையின் பூர்வீகம் எனக்குத் தெரியும். அது என் வாயில் வந்ததே தவிர என்னுடையதல்ல. நான் கவிதையைப் பற்றி எழுதுகிறவன். அலங்காரம் என்பது என் அகராதியில் வசைச்சொல். புதுக்கவிதை வந்தபோது முதலில் கழற்றி எறிந்தது அணிகளைத்தான் என்று வகுப்பில் சொல்லிச் சொல்லி, அது இலக்கியத்துக்கு வெளியே வீடு, சட்டை, கல்யாணப் பத்திரிகை என்று எல்லாவற்றின் மீதும் நான் சுமத்தும் தீர்ப்பாகிவிட்டது. இதற்கு ஐரோப்பாவில் ஒரு மூலபுருஷர் உண்டு. வியன்னாவின் கட்டடக் கலைஞர் அடோல்ஃப் லூஸ், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், அலங்காரத்தையும் குற்றத்தையும் ஒரே தலைப்பில் சேர்த்து ஒரு கட்டுரை எழுதினார். நாகரிகம் வளர வளர, அன்றாடப் பொருள்களிலிருந்து அலங்காரம் உதிர்ந்துகொண்டே போகும் என்பது அவர் வாதம். அதற்கு அவர் எடுத்துக்கொண்ட உதாரணம் பாப்புவா தீவின் பழங்குடி மனிதன். அவன் தன் உடம்பில் பச்சை குத்திக்கொள்ளலாம், அவன் இன்னும் குழந்தை; நவீன மனிதன் குத்திக்கொண்டால் குற்றவாளி அல்லது சீரழிந்தவன் என்கிறார்.

இந்தக் கட்டுரையை இருபத்தைந்து வயதில் சிலிர்ப்போடு படித்தேன். மலையில் பிறந்த நான், அதில் யாருடைய பக்கம் நிற்கிறேன் என்று அப்போது கேட்டுக்கொள்ளவே இல்லை. அப்பாவின் சமாதி முன்னால் நின்று அந்த வாக்கியத்தைச் சொன்னபோதும் கேட்டுக்கொள்ளவில்லை. பெங்களூரில் மற்றவர்கள் வீட்டுச் சுவர்களை மினுக்கிக் கொடுக்கிற என் தம்பியைப் பார்த்துத்தான் நான் லூஸாக மாறினேன்.

*

எகிப்துக்கு நான் போனதில்லை. படங்களில் பார்த்ததும் படித்ததும்தான். கெய்ரோவுக்குத் தெற்கே ஸக்காராவில் ஜோஸெர் மன்னனின் படிப் பிரமிடு இருக்கிறது. கி.மு. 2650 வாக்கில் எழுந்தது. ஆறு படிகள், அறுபது மீட்டரைத் தொடும் உயரம். கல்லால் பெரிய அளவில் கட்டப்பட்ட முதல் கட்டடங்களில் ஒன்று. கட்டியவராக இம்ஹோடெப்பின் பெயரைச் சொல்கிறார்கள். பயணிகள் அண்ணாந்து பார்த்துவிட்டுப் போவது இந்தப் படிகளைத்தான். எனக்குக் கிறுக்குப் பிடிக்க வைத்தது அதன் அடியில், பாறையைக் குடைந்து செய்த சுரங்கங்களில் இருப்பது. அங்கே சில அறைகளின் சுவர்கள் முழுக்க நீலமும் பச்சையும் கலந்த சின்னஞ்சிறு பளபளப்பு ஓடுகள். பிரமிடுக்கு அடியிலும், அதே வளாகத்தின் தென்கல்லறையிலுமாகச் சேர்த்து 36,000 என்று கணக்கு சொல்கிறார்கள். ஒவ்வொன்றும் ஏறக்குறைய ஆறு சென்டிமீட்டர் உயரம், நாலு சென்டிமீட்டர் அகலம். முகம் லேசாகக் குவிந்திருக்கும்.

அந்த நீலச் சுவர் எதைக் காட்டுகிறது? வானத்தையோ கடலையோ அல்ல, நாணல் பாயை. மன்னனின் அரண்மனையில் சுவரில் தொங்கிய பாய், சாளரத்தை மறைத்த தட்டி. அதைத்தான் ஓடுகளை வரிசை வரிசையாகப் பதித்துச் செய்து வைத்திருக்கிறார்கள். மேலே தரையில் இருக்கும் கட்டடங்களிலும் இதே கதைதான். கல் தூண்கள் நாணல் கட்டுகளைப் போல வரிவரியாகச் செதுக்கப்பட்டவை. நுழைவு மண்டபத்தின் கற்கூரை, மரக்கட்டைகளை அடுக்கியதுபோல உருண்டு உருண்டு இருக்கிறது. நாணலும் மரமும் மண்ணும் வைத்துக் கட்டிப் பழகியவர்கள், முதல்முறையாகக் கல்லைத் தொட்டபோது, கல்லில் தங்கள் பழைய வீட்டைத்தான் கட்டினார்கள். செத்தவனுக்குப் புதிதாக ஒரு வீடு வேண்டியிருக்கவில்லை. பழைய வீடே, உளுத்துப் போகாமல் வேண்டியிருந்தது.

இதைப் படித்த இரவு தூக்கம் வரவில்லை. நாங்கள் பிறந்த வீடு மூங்கில் தட்டியில் மண் பூசியது. மேலே புல் வேய்ந்தது. உள்ளே அடுப்பங்கரையைப் பிரித்த தட்டியை அப்பாதான் பின்னினார். அது பல வருஷத்துக்கு முன்பே இடிந்து போயிற்று. சமாதியின் மேற்புறத்தில் தம்பி ஒட்டியிருந்த ஓடுகளில் இருந்தது பாய்ப் பின்னல்.

ஆக, எனக்கு ஒரு கட்டுரை கிடைத்துவிட்டது. விமர்சகனுக்கு இதைவிட அபாயகரமான சந்தோஷம் இல்லை.

*

கட்டுரையை ஒத்தி வைத்துவிட்டு அந்த ஓட்டை எப்படிச் செய்தார்கள் என்று பார்த்தேன். ஆங்கிலத்தில் அதை ஃபயான்ஸ் என்கிறார்கள். இத்தாலிய ஊர் ஒன்றின் பெயரிலிருந்து பிற்பாடு ஒட்டிக்கொண்ட, பொருந்தாத பெயர். எகிப்தியர்கள் அதை 'தெஹெனெத்' என்றார்கள். மின்னுவது என்று பொருள். விசித்திரம் என்னவென்றால், அதில் களிமண்ணே இல்லை. படிகக் கல்லை அல்லது மணலைப் பொடியாக அரைத்து, கொஞ்சம் சுண்ணாம்பு, நேட்ரான் என்னும் உவர்மண் உப்பு அல்லது செடிகளை எரித்த சாம்பல், நிறத்துக்குச் செம்புச் சேர்மானம், தண்ணீர். இந்தப் பசை களிமண்போல வளையாது. அழுத்தினால் விரியும், இழுத்தால் வெடிக்கும். அச்சில் அடைத்தோ கையால் அமுக்கியோதான் உருவம் தரமுடியும்.

அப்புறம் காயவைக்க வேண்டும். நீர் ஆவியாகிப் போகும்போது உள்ளே கரைந்திருந்த உப்பையும் மேற்பரப்புக்கு இழுத்து வருகிறது. ஓட்டின் மேல் வெள்ளையாக உப்பு பூக்கிறது. மழைக்காலத்தில் ஓதம் காத்த சுவரில் நாம் பார்ப்பதே அது. சூளையில் எண்ணூறிலிருந்து ஆயிரம் டிகிரி வரை ஏறும்போது, பூத்த உப்பு படிகப் பொடியோடு உருகிக் கண்ணாடியாகிறது. செம்பு அதற்கு நீலம் தருகிறது. யாரும் மேலே எதையும் பூசவில்லை. பளபளப்பு உள்ளிருந்து வந்தது.

நம் சிறுபத்திரிகைகளில் உருவமா உள்ளடக்கமா என்று எத்தனை வருஷம் சண்டை போட்டிருப்போம். ஒரு தரப்புக்கு உருவம் என்பது மேல்பூச்சு, மற்ற தரப்புக்கு அதுவே எல்லாம். இரண்டு தரப்புமே கவிதையைக் கிண்ணமும் பாலுமாகத்தான் பார்த்தது. இந்த எகிப்திய ஓட்டில் உள்ளடக்கத்தின் ஒரு பகுதியே வெளியேறி வந்து உருவமாகிறது. அதற்குக் காய்வதற்கான காலம் வேண்டும், அப்புறம் நெருப்பு வேண்டும். இந்த உவமையைக் கண்டுபிடித்த சந்தோஷத்தில் நண்பர்கள் இரண்டு பேருக்குப் போன் போட்டேன்.

ஆனால் பொருள் உவமைக்கு அடங்குவதில்லை. உப்புப் பூக்கும் முறை, எகிப்தியர்களின் மூன்று வழிகளில் ஒன்றுதான். மெருகுப் பொடிக்குள் பண்டத்தைப் புதைத்துச் சுடுவது இன்னொன்று. மெருகைக் கரைத்து மேலே பூசிச் சுடுவது மூன்றாவது. ஒரே பட்டறையில் இரண்டு முறையும் கலந்திருக்கலாம். வேலை செய்கிறவனுக்கு உள்ளிருந்து வருவது உயர்ந்தது, பூசுவது தாழ்ந்தது என்ற கோட்பாடு இருந்ததாகத் தெரியவில்லை. நன்றாக மின்ன வேண்டும், அவ்வளவுதான். அந்தக் கோட்பாடு நம்முடையது. அகத்தூய்மை பற்றிய நம் கவலையிலிருந்து பிறந்தது.

அலங்காரம் அப்பாவியும் அல்ல. கி.மு. 12ஆம் நூற்றாண்டில் மூன்றாம் ராம்ஸேஸ் மெதினெத் ஹபுவில் கட்டிய அரண்மனை வாசல்களில் பதித்த ஓடுகளில் இருப்பவர்கள் கைதிகள். நூபியர், லிபியர், சிரியர் என்று ஒவ்வொருவரின் தாடியும் உடைப் பூ வேலையும் பல நிறத்தில் அத்தனை நுணுக்கம். கைகள் மட்டும் கட்டப்பட்டிருக்கின்றன. அவற்றைப் போல அழகான ஓடுகள் குறைவு. அரசனின் மினுக்கத்தையும் ஒரு கூலிக்காரன் சாக்கில் சுமந்து வந்த மினுக்கத்தையும் ஒரே தராசில் வைக்கிறேனா என்ற சந்தேகம் எனக்கு இருக்கிறது. இருக்கட்டும்.

*

எகிப்து என்றதும் நம்மவர்கள் சிலர் நிமிர்ந்து உட்காருவார்கள். அதற்கும் காரணம் இல்லாமல் இல்லை. செங்கடல் கரையில் குஸைர் அல்-கதீமில் கிடைத்த ஒரு பானை ஓட்டில் தமிழ் பிராமியில் 'பானை ஒறி' என்று எழுதியிருக்கிறது. பெரெனிகே துறைமுகத்தில் இந்தியச் சாடி ஒன்றில் ஏழரைக் கிலோ மிளகு அப்படியே கிடைத்தது. கி.பி. முதல் நூற்றாண்டுச் சங்கதி. ஆனால் ஜோஸெரின் நீல அறைக்கும் இந்தப் பானைக்கும் நடுவே 2,600 வருஷத்துக்கு மேல் இருக்கிறது. அதை ஒரே தாவலில் தாண்டி, நாமே அங்கும் போய் ஓடு பதித்தோம் என்று மேடையில் பேசுகிறவர்கள் பேசட்டும். எனக்குப் பிடித்தது அந்தப் பானைக்காரன் எழுதிவைத்த பொருள். உறி. கயிற்றில் பின்னித் தொங்கவிடுவது. அம்மா வீட்டில் ஒன்று இருந்தது.

மெருகிட்ட ஓடு நம் நாட்டுக்கு அந்நியமானதும் அல்ல. ஹரப்பாவிலேயே ஃபயான்ஸ் வளையலும் மணியும் செய்தார்கள். குவாலியர் கோட்டையில், 1500 வாக்கில் எழுந்த மான் மந்திர் அரண்மனையின் வெளிச்சுவரில் நீலமும் மஞ்சளுமாக வாத்து, யானை, வாழைமரம் எல்லாம் ஓட்டில் வருகின்றன. தமிழ்நாட்டில் அந்த இடத்தைச் சுதையும் வண்ணமும் எடுத்துக்கொண்டன. செட்டிநாட்டு வீடுகளில் ஜப்பானிலிருந்து வந்த மெருகு ஓடுகள் ஏறின. ஆத்தங்குடிக் கல் வேறு ஜாதி, சூளைக்கே போகாது. கண்ணாடிப் பலகையின் மேல் வண்ணச் சிமெண்டை ஊற்றி, காய்ந்தபின் தண்ணீரில் ஊறப்போடுவார்கள். பளபளப்பு அந்தக் கண்ணாடியைத் தொட்டிருந்ததால் வந்தது.

எங்கள் மலையில் செத்தவர்களுக்கு வீடு கட்டுவது இரும்புக்காலத்திலேயே தொடங்கியது. கீழ்சேப்பட்டுப் பக்கம் மலைமேல் கல்திட்டைகள் கூட்டமாக நிற்கின்றன. நாலு பலகைக் கல், மேலே ஒரு மூடுகல், சிலவற்றில் ஒரு பக்கக் கல்லில் வட்டமாகத் துளை. குள்ளர்கள் குடியிருந்த வீடு என்று சொல்லிக் கேட்டு வளர்ந்தோம். மாடு மேய்க்கையில் மழை வந்தால் அதற்குள்தான் ஒண்டுவோம். செங்கம் வட்டாரத்து நடுகற்கள் 1972இல் புத்தகமாக வந்த பிறகு படித்தவர்கள் கீழிருந்து மேலேறிப் பார்க்க வந்தார்கள். கல்திட்டையைப் பார்த்து யாரும் முகம் சுளித்ததில்லை. அது கரடுமுரடாக, மௌனமாக, நவீன சிற்பம் மாதிரி இருக்கிறது. லூஸுக்கே பிடித்திருக்கும். நானும் நண்பர்களை அழைத்துப் போய்ப் பெருமையாகக் காட்டியிருக்கிறேன். அங்கிருந்து திரும்பும் வழியில்தான் அப்பாவின் சமாதி. அந்த வழியாக அழைத்து வராமல் சுற்றிக்கொண்டு வந்தேன். இதை எழுதுவதற்கே எனக்கு இரண்டு வருஷம் ஆயிற்று.

*

போன ஐப்பசி மழை விட்டபின் தம்பி போன் பண்ணினான். சமாதியில் ஐந்தாறு டைல்ஸ் கழன்றுவிட்டதாம், வருகிறாயா என்றான். போனேன். மேற்புறத்துப் பின்னல் ஓடுகள்தான். ஒன்றை எடுத்துத் திருப்பிக் காட்டினான். முதுகில் வெள்ளையாகப் பொரிந்திருந்தது.

"உப்பு பூத்துடுச்சுண்ணா. செங்கல்லு சரியில்ல. வெளியில ஒட்டனா தண்ணி பின்னால பூந்துக்கும். வெயிலு அடிச்சா உப்பு தள்ளிடும்."

எகிப்தில் எந்த உப்பு ஓட்டுக்கு ஒளி தந்ததோ, அதே மாதிரியான உப்பு இங்கே பின்பக்கமாக வந்து ஓட்டைப் பெயர்த்துவிட்டது. இதை அவனிடம் சொல்லவில்லை. வேறொன்று கேட்டேன்.

"மேல ஏன்டா இந்த டிசைன போட்ட? நம்ம பழைய வீட்டுத் தட்டி மாதிரி இருக்குன்னா?"

குனிந்து பார்த்தான். "அப்படியா இருக்குது? எனக்குத் தோணலண்ணா. மத்ததெல்லாம் நாலு வீட்டு மிச்சம். இது மட்டும் ஒரே வீட்டுல முழுசா கெடச்சுது. அதான் மேல போட்டேன்."

என் கட்டுரை அங்கே சரிந்தது. சரிந்தது நல்லதுதான். பாய்ப் பின்னலை அவன் நினைத்துச் செய்திருந்தால்தான் அவன் வேலைக்கு மதிப்பு என்று வைத்திருந்தேன். ஜோஸெரிடம் சிபாரிசுக் கடிதம் வாங்கி வந்தால்தான் தம்பியை உள்ளே விடுவேன் என்ற கதை. முழுசாக, உடையாமல், ஒரே மாதிரியாகக் கிடைத்ததை அப்பாவுக்கு மேலே போட வேண்டும் என்று ஒருவன் நினைத்தால், அதைத் தாண்டி அதில் என்ன அர்த்தம் தேட வேண்டியிருக்கிறது?

போனில் ஸக்காராவின் படத்தைக் காட்டினேன். விரலால் பெரிதாக்கி வெகுநேரம் பார்த்தான்.

"எப்படிண்ணா ஒட்டினான்?"

ஒவ்வொரு ஓட்டின் முதுகிலும் ஒரு புடைப்பு, புடைப்பில் துளை. துளை வழியாகக் கயிறு கோத்து, சாந்தில் பதித்துச் சுவரோடு பிடித்தார்கள் என்றேன்.

"கெட்டிக்காரன். அப்ப விழாது. மொத்தம் எத்தினி?"

"முப்பத்தாறாயிரம். இவ்வளவு சின்னது." விரலால் காட்டினேன்.

வாய்க்குள் கணக்குப் போட்டான். "தொள்ளாயிரத்துச் சொச்சம் சதுர அடிதான் வரும். நம்ம சைஸ்னா ரெண்டு பேரு பத்து நாளு வேல. இந்தச் சைஸுல, கயிறும் கட்டணும்னா..." யோசித்தான். "பாவம்ணா. உள்ள வெளிச்சம் வேற இருந்திருக்காது."

ஜோஸெரின் நீல அறையைப் பற்றி நான் படித்த எதிலும் அந்த வேலைக்காரனுக்காக யாரும் பாவம் என்று சொல்லி நான் பார்த்ததில்லை.

அப்பா காவலூரில் கூலிக்குக் கல் சுமந்தவர். 1986இல் திறந்த பெரிய தொலைநோக்கியின் ஆடி 2.34 மீட்டர் குறுக்களவு. அந்தக் கண்ணாடியின் மேல் மெல்லிய அலுமினியப் பூச்சு, அவ்வளவுதான் நட்சத்திர ஒளியைப் பிடிப்பது. அந்த ஆடியை அப்பா பார்த்ததில்லை. மினுங்குற கண்ணாடியில் நட்சத்திரம் பிடிக்கிறார்கள் என்று மட்டும் ஊரில் சொல்லிக்கொண்டிருந்தார். மினுங்குவது என்ற சொல்லை அவர் ஒருபோதும் கேவலமாகச் சொன்னதில்லை.

உப்பைச் சுரண்டிக் கழுவிவிட்டு, ஓடுகளைத் தண்ணீரில் ஊறப்போட்டான். கலவை போட்டு ஒவ்வொன்றாக வைத்தான். நான் ரசமட்டத்தைப் பிடித்துக்கொண்டேன். காய்ந்த மறுநாள் காலையில் கரணையின் கைப்பிடியால் ஒவ்வொரு ஓட்டையும் தட்டிக்கொண்டே வந்தான். ஒன்றில் நின்றான்.

"இங்க பொள்ளலா கேக்குது. உள்ள கலவை சேரல. பிரிச்சு ஒட்டணும். கேளுண்ணா."

பக்கத்து ஓட்டையும் தட்டிக் காட்டினான். மறுபடியும் இதை. நானும் காதை வைத்துக் கேட்டேன். எனக்கு இரண்டும் ஒரே சத்தமாகத்தான் இருந்தன.